வெண்டல் ஹாஸ்கின்ஸ் புரட்டிப் பார்க்காத தாள்

பிளம் ஃபோர்க் ஊரின் பொதுவாழ்க்கைக்குள் வெண்டல் ஹாஸ்கின்ஸ் காலடி வைத்ததற்குக் கொள்கையோ லட்சியமோ காரணமில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்கி வைக்கிற கெட்ட பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. அவ்வளவுதான்.

ஜனவரி மாதம், தீயணைப்பு நிலையக் கூடத்தில் பிள்ளைகளுக்கான பேஸ்பால், பெண்பிள்ளைகளின் சாஃப்ட்பால் லீக்கின் ஆண்டுக் கூட்டம். மனைவி ஜோலீனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை நேரம். ஆகவே இரட்டைப் பிள்ளைகளின் பதிவுப் படிவங்களைக் கொடுக்க வெண்டல் போனார். இரண்டு நிமிட வேலை. ஆனால் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது எழுந்து போவது மரியாதை இல்லை என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மரியாதை தெரிந்தவர்கள்தான் இந்த லீக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். தெரியாதவர்கள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

தலைவர் டக் ஷிமெல் தொண்டையைச் செருமினார். பதினான்கு வருடத் தலைவர். மற்ற நேரங்களில் கடைத்தெருவில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர்.

"கேரி அரிசோனாவுக்குக் குடி போறாரு. ஆட்டக்காரர் பொறுப்பாளர் இடம் காலியாகுது. யாராவது வர்றீங்களா?"

பதினோரு பேர் ஒரே சமயத்தில் கூரையை ஆராய்ந்தார்கள். அந்த அமைதியில், கூட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்த ஒருவர் பின்னால் தட், தட் என்று நாற்காலிகளை மடிக்கிற சத்தம் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"வெண்டல்! நீங்க இப்ப வேற ஏதாவது பொறுப்புல இருக்கீங்களா?"

"நான் சும்மா ஃபாரம் குடுக்க வந்தேன், டக்."

"ஃபாரம் குடுக்கத் தெரிஞ்சவருக்கு ஃபாரம் வாங்கத் தெரியாதா? நான் முன்மொழியறேன்."

"எனக்கு பேஸ்பாலே தெரியாதே!"

"கேரிக்கு மட்டும் தெரியுமா? பதினோரு வருஷம் ஓட்டலையா? ஆட்சேபணை உள்ளவங்க கையைத் தூக்குங்க."

வெண்டலுக்கு ஆட்சேபணை இருந்தது. ஆனால் இரண்டு கைகளிலும் தலா இரண்டு நாற்காலிகள் இருந்தன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இருநூற்று நாற்பது பிள்ளைகள் பந்து விளையாட, அந்த லீக்குக்குப் பன்னிரண்டு அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். தலைவர், உதவித் தலைவர், செயலர், பொருளாளர், நடுவர்களை மேய்க்க ஒருவர், மட்டைகளுக்கும் தலைக்கவசங்களுக்கும் ஒருவர், மழையோடு சண்டை போட மைதானப் பொறுப்பாளர் ஒருவர், அடிபட்ட பிள்ளையின் முழங்காலில் ஐஸ் பை வைக்கப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர். மற்றவர்கள் இவர்களோடு முரண்படுவதற்காக. பெர்னடீன் ஸ்வோபோடாவுக்கு எந்தப் பதவியும் கிடையாது. மைதானத்தில் இருக்கிற தீனிக்கடையின் சாவி மட்டும் முப்பத்தொரு வருடமாக அவர் கழுத்தில் தொங்கியது. ஆகவே லீக்கை ஆண்டது அவர்தான்.

ஆட்டக்காரர் பொறுப்பாளரின் வேலை, எந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது, அது எந்தப் பிரிவு என்று பட்டியல் போடுவது. பிறகு கோச்சுகளைக் கூட்டி உட்காரவைத்து, ஆளுக்கொரு பிள்ளையாக முறை வைத்து எடுக்கச் செய்வது. அதன் பிறகு வருகிற வசவுகளை வாங்கிக்கொள்வது. மூன்றாவது வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஆனால் வெண்டல் இதற்குப் பொருத்தமானவர் என்று ஊரே நம்பியதற்குக் காரணம் உண்டு. இருபத்தொரு வருடமாக அவர் மாவட்டத்தின் எடை அளவு ஆய்வாளர். பெட்ரோல் பங்க், இறைச்சிக்கடை, மிட்டாய்க்கடை என்று எங்கே தராசும் மீட்டரும் இருக்கிறதோ அங்கே அவர் போவார். போனதும் முதல் காரியமாகக் குனிந்து தராசுக்கு அடியில் பார்ப்பார். அங்கேதான் சூயிங்கம் இருக்கும், காந்தம் இருக்கும், கடைக்காரரின் மனசாட்சி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு அவுன்ஸ் தப்பு என்றாலும் பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து ஒட்டிவிடுவார். 'இந்தக் கருவி தவறானது. பயன்படுத்துவது குற்றம். இச்சீட்டை அகற்றுவதும் குற்றம்.' ஒருமுறை டக்கின் தராசிலேயே ஒட்டியிருக்கிறார். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விருந்துக்கு முந்தின வாரம் ஊரில் சாசேஜ் கிடைக்கவில்லை. அதை டக் மறக்கவில்லை. ஊரும் மறக்கவில்லை.

விளையாட்டைப் பொறுத்தவரை வெண்டலுக்குத் தெரிந்தது இவ்வளவு: ஒருவர் பந்தை எறிகிறார், எட்டுப் பேர் சும்மா நிற்கிறார்கள், எல்லாரும் ஏதோ மெல்லுகிறார்கள். இதில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதை அவர் எப்போதும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவந்தார்.

மகள் ட்ரூடிக்கு அப்படியில்லை. போன வருடம் சின்னப் பெண்கள் பிரிவில், அதாவது எட்டு ஒன்பது வயதுக்காரர்களின் சாஃப்ட்பால் டீமில், அவள் மூன்றாவது பந்தெறிபவள். மூன்றாவது என்றால் முதல் இருவருக்கும் காய்ச்சல் வந்தால்தான் பந்து கைக்கு வரும். கடைசி ஆட்டத்தன்று கோச் மேவிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி, அவள் தொப்பியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷம் அந்த ரெண்டு பேரும் பெரிய பிரிவுக்குப் போயிடுவாங்க, குட்டி. பந்து உன் கையிலதான். குளிர்காலம் பூரா எறிஞ்சு பழகு."

ட்ரூடி பழகினாள். கார் நிறுத்தும் கொட்டகையில் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, அதில் சாக்குக்கட்டியால் ஒரு சதுரம் வரைந்து, முப்பத்தைந்து அடி தள்ளி நின்று, நவம்பரிலிருந்து தினமும் அறுபது பந்து. தூரத்தை வெண்டலே மாவட்ட முத்திரை குத்திய நாடாவால் அளந்து கொடுத்தார். அவளுக்கு அந்த வருடத்தில் வேண்டியிருந்தது இது ஒன்றுதான்: சின்னப் பெண்கள் பிரிவில், மேவிஸின் டீமில், பந்தெறிகிற நடுவட்டத்தில் நிற்பது.

பிப்ரவரியில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிற நாள். ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் ஒரு எண். ஓடச் சொல்வார்கள், எறியச் சொல்வார்கள், அடிக்கச் சொல்வார்கள். சுவரோரம் கோச்சுகள் வரிசையாக உட்கார்ந்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். வெண்டல் அந்தத் தாள்களைச் சேகரித்தபோது அவருடைய உலகத்தில் முதல் விரிசல் விழுந்தது. பெட்ரோல் பங்க் வைத்திருப்பவரும், பத்து வயதிலிருந்து தொடங்குகிற பெரிய பெண்கள் பிரிவின் கோச்சுகளில் ஒருவருமான ரே கோல்ப்பிடம் வெண்டல் போய்க் கேட்டார்.

"ரே, இந்த நாற்பத்தோராம் நம்பர் பொண்ணு எல்லாப் பந்தையும் அடிச்சா. நீங்க ரெண்டு மார்க் போட்டிருக்கீங்களே?"

"உஷ்! மெதுவாப் பேசுங்க. அவ எனக்கு வேணும்."

"வேணும்னா பத்துல்ல போடணும்?"

"பத்து போட்டா மத்தவன் எடுத்துட்டுப் போயிடுவான். என்ன ஆளுங்க நீங்க!"

"சரி, இது யாரு? பதினெட்டாம் நம்பர். பந்து வந்தா கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துக்கறா. அவ பேரைச் சுத்தி மூணு வட்டம் போட்டிருக்கீங்க."

"அவங்கப்பா மண் லாரி வச்சிருக்காரு, வெண்டல். மைதானத்துக்கு மண்ணு வேணாமா? வயசுப் பட்டியல் வரட்டும், என் பிரிவுன்னா முதல் ரவுண்டுலயே எடுக்கணும் அவளை."

வெண்டல் தாளைப் பார்த்தார். ஒரே குழந்தைக்கு ஒன்பது கோச்சுகள் ஒன்பது எடை போட்டிருந்தார்கள். இது ஒரு கடையாக இருந்திருந்தால் அன்றே பூட்டியிருப்பார்.

இந்த மனநிலையில்தான் அவர் அன்று மாலை சமையலறை மேசையில் கேரி விட்டுப்போன கோப்பைத் திறந்தார். அதில் அரிசோனா போவதற்கு முன் கேரி தயாரித்துவைத்த இந்த வருடப் பட்டியல் இருந்தது. பெயர், பிறந்த தேதி, லீக் வயது. மேலே விதிமுறைத் தாள், ஒரு மூலையில் பீட்சா எண்ணெய்க் கறையுடன். 'பிள்ளையின் லீக் வயது என்பது வருகிற ஆகஸ்ட் 31 அன்று நிறைவடையும் வயது.' தெளிவான விதி. வெண்டலுக்குப் பிடித்திருந்தது.

பட்டியலில் 'ஹா' வரிசைக்கு வந்தார்.

ஹாஸ்கின்ஸ், ஆஸ்கர். பேஸ்பால். வயது 10.

ஹாஸ்கின்ஸ், ட்ரூடி. சாஃப்ட்பால். வயது 9.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஜோலீன், நம்ம பசங்க ரெண்டு பேரும் ஒரே நாள்லதானே பொறந்தாங்க?"

"நானும் அங்கதான் இருந்தேன், வெண்டல். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"மே மாசம்."

"மே மாசம், செவ்வாய்க்கிழமை. ட்ரூடி முன்னாடி, பதினோரு நிமிஷம் கழிச்சு ஆஸ்கர். ஏன், யாராவது மறுக்கறாங்களா?"

"கேரி மறுக்கறான். ஆகஸ்டுல ரெண்டு பேருக்கும் பத்து முடிஞ்சிருக்கும். பையனுக்குச் சரியாப் போட்டுட்டுப் பொண்ணுக்கு ஒரு வருஷம் கம்மியாப் போட்டிருக்கான். இவ மட்டும் இல்ல, பாதிப் பொண்ணுங்களுக்கு இதே தப்பு!"

"கேரிக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்."

"தராசு தப்புன்னு தெரிஞ்ச பிறகு கடைக்காரன்கிட்ட அபிப்பிராயம் கேக்கறதில்ல," என்றார் வெண்டல்.

அன்று மாலை அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு, சாஃப்ட்பால் பெண்கள் அத்தனை பேருடைய வயதையும் விதிப்படி திருத்தினார். மேசையிலிருந்து எழுந்தபோது, சின்னப் பிரிவில் இருந்த பதின்மூன்று பெண் குழந்தைகள் ஒரு வயது மூப்படைந்து பெரிய பிரிவுக்குப் போயிருந்தார்கள். நீதி நிலைநாட்டப்பட்ட திருப்தியில் அவர் பால் குடித்துவிட்டுத் தூங்கினார்.

அடுத்த வாரம் அதிகாரிகள் கூட்டத்தில் பட்டியலை வாசித்தார்கள். சின்னப் பெண்கள் பிரிவில் போன வருடம் இருபத்தொன்பது பேர். இந்த வருடம் பதினாறு. இரண்டு டீம் போட ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு வேண்டும். பெரிய பிரிவிலோ முப்பத்தெட்டு பேர் பிதுங்கி வழிந்தார்கள். மேசையைச் சுற்றி ஒரு குழப்பம் உட்கார்ந்தது. ஆனால் எனக்குப் புரியவில்லை என்று சொல்கிற வழக்கம் அந்த மேசையில் கிடையாது.

"கால்பந்துக்காரன்தான் காரணம்," என்றார் உதவித் தலைவர். "பொண்ணுங்களை எல்லாம் இழுத்துக்கிட்டுப் போறான்."

"செல்போன்," என்றார் செயலர்.

"ஊர்த் தண்ணியில ஏதோ இருக்கு," என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

"எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி குளிர் ஜாஸ்தியாச்சே, அப்ப குழந்தைங்க நிறையல்ல பொறந்திருக்கணும்?" என்று டக் ஆழமாக யோசித்தார். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டுத் தீர்மானம் போட்டார். இந்த வருடம் சின்னப் பெண்கள் பிரிவு மூடப்படும். பதினாறு பேரும் பக்கத்து ஊரான கார்வர்டன் லீக்குக்கு அனுப்பப்படுவார்கள்.

கார்வர்டன் என்றதும் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அங்கே தீனிக்கடையில் சீஸை வெந்நீரில் கலக்கிக் கொடுப்பார்கள் என்று பிளம் ஃபோர்க்கில் நம்பிக்கை. ஆனாலும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. வெண்டலின் கையும். இந்த முறை கையில் நாற்காலி இல்லை என்பதால் அதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

சனிக்கிழமை பிள்ளை எடுப்பு நடந்தது. பதினெட்டாம் நம்பரை, அதாவது மண் லாரியை, ரே முதல் ரவுண்டில் எடுத்தார். ட்ரூடியைக் கடைசி ரவுண்டில், ஆய்வாளர் பொண்ணு என்பதற்காக எடுத்தார். பங்க்கில் நான்கு மீட்டர்கள் இருக்கிறவர் கொஞ்சம் முன்யோசனையோடுதான் இருக்க வேண்டும்.

பெரிய பிரிவில் பந்து பெரிது. சின்னப் பிரிவின் பந்து சுற்றளவு பதினோரு அங்குலம் என்றால் இது பன்னிரண்டு. எறிகிற தூரம் முப்பத்தைந்து அடி அல்ல, நாற்பது. கொட்டகை முப்பத்தாறு அடியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே மார்ச் மாத ஆலங்கட்டி மழையில் ட்ரூடி வெளியே, கார்ப் பாதையில் நின்று, கொட்டகைக்குள் இருக்கிற மெத்தையை நோக்கி எறிந்தாள். பந்து மெத்தைவரை போகவில்லை. புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் களைத்துப்போய் விழுந்தது. மறுபடி எறிந்தாள். மறுபடி அதே இடம்.

"அப்பா, இதை என்னால பிடிக்கவே முடியலை. ஒரு கைக்குள்ள அடங்க மாட்டேங்குது."

"தூரம் சரியாத்தான் இருக்கு. நானே அளந்தேன்," என்றார் வெண்டல், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

"நீ ரொம்பக் கரெக்டா அளந்திருக்கேப்பா. அதான் பிரச்சனை." மூக்கைச் சட்டைக்கையில் துடைத்தாள். "ரே கோச் சொல்றாரு, நான் பெஞ்சுல உக்காந்து ஸ்கோர் எழுதினாப் போதுமாம். எழுத்து நல்லா இருக்காம்."

"அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷமும் இதே பந்துதானே! மேவிஸ் கோச் டீமே இல்லையே இப்போ." காலால் ஒரு ஆலங்கட்டியை எத்தினாள். "போன மாசம்வரைக்கும் கேரி மாமா நோட்டுல நான் ஒன்பது. திடீர்னு எப்படிப் பத்தாச்சு?"

"ஆஸ்கர் பத்து. நீ அவன்கூடப் பொறந்தவ."

"அவன் தப்பா இருக்கலாம்ல?"

வெண்டல் அளக்கிற நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். மகள் பந்தைப் பொறுக்கப் போய்விட்டாள்.

மார்ச் கடைசியில் தீனிக்கடைக் கதவு திறந்தது. மிட்டாய் நிறுக்கிற தராசு ஒன்று அங்கே உண்டு. வருடாவருடம் வெண்டல் முத்திரை குத்த வேண்டும். அவர் வழக்கம்போலக் குனிந்து தராசுக்கு அடியில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தபோது, பெர்னடீன் மேலே நின்று கொள்முதல் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு எழுதினது? ஊறுகாய் வெள்ளரி ரெண்டு ஜாடி போதுமா? போன வருஷம் ஒன்பது ஜாடி போச்சே!"

"பிள்ளைங்க எண்ணிக்கைப்படி டக் குறைச்சிருக்காரு."

"சின்னப் பொண்ணுங்கதான் வெள்ளரி தின்னும், வெண்டல். பெரியவளுங்களுக்கு சீஸ் ஊத்தின நாச்சோ சிப்ஸ். வெள்ளரி தின்னா வாய் நாறும்னு ஒரு வயசுக்கு மேல தெரிஞ்சுடும் அவளுங்களுக்கு. என் சின்னப் பொண்ணுங்க எங்க போனாங்க?"

"அவங்க எல்லாம் பெரியவங்க ஆயிட்டாங்க." வெண்டல் நிமிர்ந்து, தன்னுடைய நேர்மையை விளக்கினார். இரட்டைப் பிள்ளைகள், கேரியின் தப்பு, ஆகஸ்ட் 31, எல்லாம். கூடவே பையிலிருந்து விதிமுறைத் தாளையும் எடுத்து நீட்டினார்.

பெர்னடீன் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"தராசுக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு பாக்கறீங்களே. இந்தத் தாளுக்கு அடியில பார்த்தீங்களா?"

வெண்டல் தாளைப் புரட்டினார். பின்பக்கத்தில், அதே எழுத்தில், அதே கறையின் நிழலோடு ஒரு வரி இருந்தது. 'சாஃப்ட்பால்: லீக் வயது என்பது கடந்த டிசம்பர் 31 அன்று நிறைவடைந்த வயது.'

வெண்டல் முன்பக்கத்தைத் திருப்பினார், மறுபடி பின்பக்கத்தைத் திருப்பினார்.

"பையனுக்கு வரப்போற ஆகஸ்டு. பொண்ணுக்குப் போன டிசம்பர்," என்றார் அவர் மெதுவாக.

"ஆமா."

"அப்ப ஒரே நிமிஷத்துல பொறந்தாலும் பையன் பத்து, பொண்ணு ஒன்பது."

"ஆமா."

"ஏன்?"

"முப்பத்தொரு வருஷமா நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

"அப்ப ஏன் யாரும் என்கிட்ட சொல்லலை?"

"ஊருக்கே தெரிஞ்சதை யாரு போய்ச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க?"

"ஆனா அதிகாரிங்க அத்தனை பேரும் ஓட்டுப் போட்டாங்களே!"

"நான் ஊரைச் சொன்னேன்," என்றார் பெர்னடீன். "அதிகாரிங்களைச் சொல்லலை."

வெண்டல் நேரே டக்கின் இறைச்சிக்கடைக்குப் போனார். டக் முழுவதையும் கேட்டார். பிறகு கத்தியைத் துடைத்தார். பிறகு கடையில் வேறு யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார்.

"இங்க பாருங்க வெண்டல். பிள்ளை எடுத்தாச்சு, கார்வர்டனுக்குச் சொல்லியாச்சு, சட்டை முதுகுல பேர் அடிச்சாச்சு. திங்கக்கிழமை வட்டாரத் தலைமைக்குப் பட்டியல் போகுது. அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம். என்ன இப்போ, குழந்தைங்க பந்துதானே விளையாடுது?"

"என் பொண்ணு விளையாடலை. ஸ்கோர் எழுதறா."

"அதுக்குத்தான் வர்றேன். அவ வயசை மட்டும் நான் கமுக்கமா ஒன்பதுன்னு திருத்திடறேன். அவளும் கார்வர்டனுக்குப் போகட்டும், அங்க பந்து போடட்டும். நீங்க தப்புப் பண்ணதும் வெளிய தெரியாது. இருபத்தொரு வருஷப் பேரு உங்களுக்கு, அதைப் போய் வீணாக்குவாங்களா?"

வெண்டலுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். பேச்சு நடந்தபோது அவர் கண் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தராசின் மேல் இருந்தது. அதில் ஒன்றும் வைக்கப்படவில்லை. முள் பூஜ்யத்தில் நின்றது. அவர் ஒட்டிய சிவப்புச் சீட்டின் பசைத் தடம் இன்னும் ஓரத்தில் இருந்தது. அன்றைக்கு டக்கும் இதே மாதிரிதான் கேட்டார்: 'ஒரே ஒரு வாரம், வெண்டல், யாருக்குத் தெரியப்போகுது?'

"நாளைக்குக் கூடத்துல பட்டியல் ஒட்டறீங்கல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

சட்டை வழங்குகிற சனிக்கிழமை காலை. தீயணைப்பு நிலையக் கூடத்தில் பெற்றோர் கூட்டம். சுவரில் நான்கு டீம்களின் பட்டியல். வெண்டல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து, பின்தாளை உரித்து, பட்டியலின் நடுவில் அழுத்தி ஒட்டினார். சீட்டில் 'கருவியின் உரிமையாளர்' என்ற இடத்தில் வெண்டல் ஹாஸ்கின்ஸ் என்று எழுதினார். 'ஆய்வாளர்' என்ற இடத்திலும் அதையே எழுதினார்.

முன்னால் நின்ற பெற்றோர் சீட்டைப் படிக்க எட்டிப்பார்த்தார்கள்.

"யோவ் வெண்டல்," என்றார் டக். "இது கவர்ன்மென்ட் சீட்டுய்யா. தராசுல ஒட்டறது. பேப்பர்ல ஒட்டினா செல்லாது."

"செல்லாதுன்னா பிச்சுப் போடுங்க," என்று பின்னாலிருந்து ரே கத்தினார்.

"நீ வந்து பிய்யேன்!"

"தலைவர் நீங்க. நீங்க பிய்ங்க."

யாரும் பிய்க்கவில்லை. அந்தச் சீட்டுக்கு அங்கே சல்லிக்காசு பெறுகிற சட்ட பலம் கிடையாது. ஆனால் டக்குக்கு சாசேஜ் இல்லாத ஒரு சுதந்திர தினம் ஞாபகத்தில் இருந்தது. ரேக்கு இரண்டாம் நம்பர் மீட்டர் தலையில் பிளாஸ்டிக் பை மாட்டி ஒன்பது நாள் நின்றது ஞாபகத்தில் இருந்தது. சிவப்பைக் கண்டால் கை தானாகப் பின்னால் போகிறது.

வெண்டல் திரும்பி நின்றார். பேச்சு அவருக்கு வராது. மீட்டர் படிக்கிற குரலில்தான் சொன்னார்.

"தப்பு என்னோடது. கேரி பட்டியல் சரி. தாளோட பின்பக்கத்தை நான் பார்க்கலை. என் பையனுக்குப் பத்து வயசு. என் பொண்ணுக்கு ஒன்பது. ரெண்டு பேரும் இரட்டைப் பிள்ளைங்க."

பழைய பெற்றோர்கள் 'அதைத்தானே' என்பதுபோலத் தலையாட்டினார்கள். புதியவர்கள் ஜோலீனைப் பார்த்தார்கள். ஜோலீன், "எனக்கு எல்லாம் ஒரே நாள்லதான் நடந்துச்சு. மீதியை லீக்கைக் கேளுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான குழப்பம். பெற்றோர் ஒவ்வொருவராக வெண்டலிடம் வந்து, தாங்கள் பெற்ற பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

"என் பொண்ணு ஜூன்ல பொறந்தா. அவ எட்டா, ஒன்பதா?"

"சாஃப்ட்பாலா, பேஸ்பாலா?"

"ரெண்டுலயும் சேர்த்திருக்கோமே!"

"அப்ப அவ ரெண்டும்."

கோச் மேவிஸ் பேருந்தில் கத்துகிற பிள்ளைகளை அடக்குவதற்கு வைத்திருக்கிற விசிலை எடுத்து ஊதினார். "பொறந்த தேதியைக் கையில எழுதிக்கிட்டு வரிசையா நில்லுங்க! தள்ளாதீங்க! ரே, நீயும்தான்!"

இரண்டு மணி நேரத்தில் பதின்மூன்று பெண்கள் ஒரு வயது இளமையடைந்தார்கள். சின்னப் பிரிவில் மறுபடி இருபத்தொன்பது பேர். போன வருடம் மாதிரியே மூன்று டீம் வந்துவிட்டது என்று டக்கே சந்தோஷப்பட்டு, அது தன் யோசனைதான் என்பதுபோலத் தீர்மானத்தைத் திரும்ப எடுத்தார். பிள்ளை எடுப்பு மறுபடி நடந்தது. மேவிஸ் முதல் ரவுண்டில் ட்ரூடியின் பெயரைச் சொன்னார். இரண்டாம் ரவுண்டில் பதினெட்டாம் நம்பரைச் சொன்னார்.

ரே எழுந்துவிட்டார். "அவ என் ஆளு! முதல் ரவுண்டு!"

"அவளுக்கு ஒன்பதுதான்," என்றார் வெண்டல்.

"அப்ப மண் லாரி?"

வெண்டல் தாளைப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "லாரிக்கு வயசு வரம்பு எதுவும் போடலை," என்றார். "ஆனா அது பொண்ணு கூடத்தான் போகும்."

ஏற்கெனவே அடித்த சட்டைகளே போதும், முதுகில் இருக்கிற பேர் மேல் டேப் ஒட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது வெண்டல் நாற்காலிகளை மடித்து அடுக்கினார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த ஜனவரிக்கு நாள் இருந்தது.

ஏப்ரலில் முதல் ஆட்டம். மைதானத்துக்குப் போகிற வழியில் ஆஸ்கர் காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டான்.

"முன்சீட்டு மூத்தவங்களுக்கு. எனக்குப் பத்து. லீக்லயே எழுதியிருக்கு."

"பதினோரு நிமிஷம்டா," என்றாள் ட்ரூடி. "நான் உனக்கு முன்னாடி."

"அது வீட்டுல. லீக்ல நீ என் தங்கச்சி."

"அப்பா!"

வெண்டல் காரை நிறுத்தி, இருவரையும் பின்சீட்டில் உட்காரவைத்தார். இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல அவருக்கு இனி தைரியம் இல்லை.

ட்ரூடி நடுவட்டத்தில் போய் நின்றாள். முதுகில் டேப் பாதி உரிந்து படபடத்தது. முப்பத்தைந்து அடி, காலையிலேயே வெண்டல் அளந்துவிட்டார். முதல் பந்து நடுவரின் தலைக்கு மேலே பறந்து தடுப்பு வலையில் அடித்தது. இரண்டாவது தரையில் உருண்டது. நான்கு பந்து இப்படித் தப்பினால் அடிக்காமலே போகலாம் என்பது விதி; முதல் பெண் நடந்து முதல் மூலைக்குப் போனாள். இரண்டாவது பெண்ணும். மூன்றாவது பெண்ணும். நான்காவது பெண்ணும் நடந்தபோது, முதலில் போனவள் சாவகாசமாகத் தன் வீட்டுக்குள் வருவதுபோல கடைசி மூலைக்கு வந்து மிதித்து, ஒரு ரன் எடுத்துவிட்டுப் போனாள். எதிரணிப் பெற்றோர் ஆரவாரித்தார்கள்.

ஐந்தாவது பெண் மட்டையைச் சுழற்றினாள். காற்று. மறுபடி காற்று. மூன்றாவது தடவையும் காற்று, அவுட். பந்து மெத்தையில் வரைந்த சதுரத்துக்குள் போவதுபோலக் கையுறைக்குள் 'தப்' என்று போய் உட்கார்ந்தது. ட்ரூடி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பெஞ்சைப் பார்த்து, தன் முகம் முழுவதையும் பல்லாக்கிக் காட்டினாள்.

வெண்டல் வழக்கம்போலப் பக்கத்து முகத்தைப் பார்த்தார். பெர்னடீன் ஊறுகாய் வெள்ளரி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாம ஜெயிக்கறோமா?"

"இல்ல. தோக்கறோம்."

"அப்ப அவ ஏன் சிரிக்கறா?"

"கையைத் தட்டுங்க, வெண்டல்," என்றார் பெர்னடீன்.

அவர் தட்டினார். அடுத்த பெண் மட்டையோடு வந்து நின்ற பிறகும், எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.